ஒரு கூட்டுக்கு இரண்டு சேவலா? மலைநாட்டில் கோழி வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு)ப் பின்னால் பத்துப் பன்னிரண்டு கோழிகள் வைத்திருக்கிறேன். பண்ணை ஒன்றும் இல்லை. வீட்டுக்கு முட்டை, விசேஷத்துக்குக் கறி, மிஞ்சினால் விற்பனை, அவ்வளவுதான். அடை வைத்த பத்து முட்டையில் ஆறு சேவற்குஞ்சாக வந்துவிட்டால் மனிதர் படும் பாடு எனக்குத் தெரியும். "ரெண்டு சேவலை ஒண்ணா விடலாமா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கேள்வியும் அதன் கிளைக் கேள்விகளும் இங்கே.

முட்டை போட சேவல் வேண்டுமா?

வேண்டாம். சேவலே இல்லாத வீட்டிலும் பெட்டை முட்டை போடும். குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால்தான் சேவல். சேவல் மிதித்த முட்டைக்குச் சத்து கூடுதல் என்று சொல்வார்கள். சாப்பிடுகிறவருக்கு அதில் வித்தியாசம் கிடையாது.

ஒரு சேவலுக்கு எத்தனை பெட்டை?

எட்டிலிருந்து பத்து. நாட்டுக்கோழி, லெகோன் மாதிரி உடம்பு இளைத்த இனங்களுக்குப் பன்னிரண்டு வரை போகலாம். கனத்த இனச் சேவலுக்கு எட்டு போதும்.

அந்தக் கணக்கில் இரண்டு சேவலுக்குப் பதினாறு முதல் இருபது பெட்டை வேண்டும். இங்கேதான் சிக்கல். புதிய வீட்டுத்திட்டத்தில் பலருக்குக் கிடைத்த 7 பேர்ச்சஸ் காணி கிட்டத்தட்ட 1,900 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீட்டுக்குப் போய்விடும். மலசலகூடம், விறகு அடுக்க ஓர் இடம், கொஞ்சம் கீரைப் பாத்தி என்று பார்த்தால் மிச்சம் எவ்வளவு? கோழி ஒன்றுக்குக் கூட்டுக்குள் மூன்று நான்கு சதுர அடியும் வெளியே மேய ஒரு பத்துச் சதுர அடியும் குறைந்தபட்சம் தேவை. இருபத்திரண்டு கோழி என்றால் முற்றம் முழுக்கக் கோழிதான். லயத்தில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. ஆகவே நம்மில் பெரும்பாலோர் கணக்குப்படி ஒரு சேவல் வைக்க வேண்டியவர்கள்.

அப்படியென்றால் ஏன் வீட்டுக்கு வீடு இரண்டு சேவல் நிற்கிறது?

திட்டம் போட்டு யாரும் இரண்டு சேவல் வைப்பதில்லை, எப்படியோ அமைந்துவிடுகிறது. நான் பார்த்த காரணங்கள் நான்கு.

முதலாவது நேர்த்தி. முனியாண்டிக்கோ ரோதைமுனிக்கோ நேர்ந்துவிட்ட சேவலை விற்க முடியாது, அறுக்க முடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. திருவிழா வரும்வரை அது ராஜா. எங்கள் லயத்தில் ஒரு அக்கா தன் மகனுடைய காய்ச்சலுக்காக நேர்ந்துவிட்ட சேவல், அந்த வருடம் திருவிழா தள்ளிப்போனதால் ஒன்றரை வருடம் நின்றது. தினமும் வீட்டுச் சேவலோடு சண்டை. "சாமி சேவலை அடைச்சு வைக்கலாமா?" என்று அவருக்குப் பயம். தாராளமாக அடைத்து வைக்கலாம். காயம் இல்லாத சேவலைக் கொண்டுபோய் நிறுத்துவதுதானே சாமிக்கும் மரியாதை.

இரண்டாவது, காப்பு. ஒரே சேவலை நாயோ கீரியோ கொண்டுபோய்விட்டால் அந்தப் பருவத்துக்குக் குஞ்சே இல்லை.

மூன்றாவது, இரத்த மாற்று. அப்பன் சேவலே தன் மகள்களையும் பேத்திகளையும் மிதித்துக்கொண்டிருந்தால் மூன்று நான்கு தலைமுறையில் பொரிப்பு குறையும். குஞ்சுகள் வளராமல் சோர்ந்து நிற்கும். வேறு தோட்டத்துச் சேவல் ஒன்று தேவைப்படும். ஆனால் அதற்கு இரண்டையும் ஒன்றாக வைத்திருக்க வேண்டும் என்றில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தூரத்துச் சொந்தக்காரரோடு சேவலை மாற்றிக்கொண்டால் போதும். பண்டாரவளையில் இருக்கும் என் மச்சானும் நானும் அப்படித்தான் செய்கிறோம்.

நான்காவது, மனசு வராதது. பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டால் அந்தச் சேவல் சட்டிக்குப் போகாது.

இரண்டும் செத்துப்போகும்வரை சண்டை போடுமா?

வழக்கமாக இல்லை. கழுத்து இறகைச் சிலிர்த்து, தலையைத் தாழ்த்தி, ஒன்றையொன்று பார்த்து நிற்கும். நாலைந்து முறை எகிறி மோதும். அப்புறம் ஒன்று திரும்பி ஓடும். ஓடியதும் விஷயம் முடிந்தது. வென்றது நாலடி துரத்திவிட்டு வந்து கூவும். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருப்பதை நார்வேக்காரர் ஷெல்டெரப்-எபே என்பவர் 1920களின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார். அந்த வரிசை முடிவானபின் தினமும் சண்டை நடப்பதில்லை. கீழே உள்ளது வழிவிட்டுப் போய்விடும்.

வழிவிட்டுப் போக வழி இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். தோற்றது ஓட இடமில்லாத கூட்டில்தான் சேவல் சாகிறது. நான் கற்றுக்கொண்டது ஒரு ஜூலை மாதத்தில். கறுப்பன் என்று ஒரு சேவல், அதன் மகன் ஒன்று. ஏழு மாதம் ஒன்றாகவே மேய்ந்தன, ஒரு தொந்தரவும் இல்லை. அந்த வருடம் தென்மேல் பருவமழை விடாமல் பிடித்தது. நாலு நாள் கூட்டைத் திறக்கவில்லை; தண்ணீரும் தீனும் உள்ளேயே வைத்துவிட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்விட்டோம். நாலாம் நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் மகன் சேவல் மூலையில் தலையைச் செருகி நிற்கிறது, ஒரு கண் இல்லை. வெளியில் இருந்தபோது இருபதடி ஓடித் தப்பிய சேவலுக்கு உள்ளே இரண்டடிகூட இல்லை. சேவல்மேல் பிழையில்லை. பிழை என்னுடையது.

அதனால் அட்டன், மஸ்கெலியா, நுவரெலியா பக்கத்தவர்கள் மே முதல் செப்டம்பர் வரையும், பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்தவர்கள் மார்கழி, தை மழையிலும் கவனமாக இருக்க வேண்டும். அந்த மாதங்கள் வருவதற்குமுன் இரண்டாவது கூடு ஒன்று தயாராக இருக்கட்டும். பெரிதாக வேண்டாம். பழைய தகரம், கம்பி வலை, நாலு மிலாறுக் கட்டை (கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளை) போதும். இரண்டாவது சேவல் வைக்கிறவர் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான். சேவல் கூவத் தொடங்கியபின் கூடு கட்டப்போனால் தாமதம்.

ஒரே கூட்டில்தான் வைக்க முடியும் என்றால்?

தீன் தட்டும் தண்ணீர்ச் சட்டியும் இரண்டிரண்டாக வையுங்கள். ஒரு மூலைக்கு ஒன்று. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒரே சேவல் இரண்டையும் காவல் காக்கும்.

அடையும் கழிகளை ஒரே உயரத்தில் கட்டுங்கள். ஏணி மாதிரி கட்டினால் உச்சிக் கழிக்குத் தினமும் மாலை சண்டை.

உரச்சாக்கு ஒன்றைக் கிழித்து நடுவில் திரைபோல் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் பலகையொன்றைச் சுவரில் சாய்த்து வையுங்கள். கண்ணில் படாவிட்டால் பாதிச் சண்டை நின்றுவிடும். தரையில் உமியோ காய்ந்த மானாப்புல்லோ தடிப்பாகப் போட்டு, அதற்குள் கொஞ்சம் குருணி தூவுங்கள். கிளறிக்கொண்டிருக்கிற சேவல் வம்புக்கு வராது.

அப்பனும் மகனும் ஒன்றாக இருக்குமா, வெளிச்சேவலைக் கொண்டுவரலாமா?

அப்பன் மகன், அல்லது ஒரே அடையில் பொரித்த அண்ணன் தம்பி என்றால் வாய்ப்பு அதிகம். சின்ன வயதிலேயே வரிசை தெரிந்து வளர்கின்றன. ஆனால் ஐந்து ஆறு மாதத்தில் மகன் முழுக்குரலில் கூவத் தொடங்கும்போது வரிசை மறுபடி பேசப்படும். அப்பனுக்கு நாலைந்து வயதானபின் இன்னொரு தடவை. அந்த இரண்டு சமயமும் வீட்டில் யாராவது ஆள் இருப்பது நல்லது.

வெளிச்சேவல் கடினம். சந்தையில் வாங்கிய அன்றைக்கே கூட்டத்தில் விட்டீர்களானால் சண்டை ஒரு பக்கம், நோய் ஒரு பக்கம். மூன்று நான்கு வாரம் தனியே, வேறு தண்ணீர்ச் சட்டியோடு வையுங்கள். மூக்கில் சளி, பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல் ஏதும் இல்லை என்று தெரிந்தபின், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கமாக ஒரு வாரம், பத்து நாள். வலை வழியாகவே பாதிச் சண்டை போட்டு முடித்துவிடும். அப்புறம் இரண்டுக்கும் பழக்கமில்லாத திறந்த இடத்தில், முதலில் பெட்டைகள் இல்லாமல் விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்யுங்கள். வேலைநாளில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஓடாதீர்கள்.

ராணிக்கெட் என்ற கோழி நோய்க்குத் தடுப்பூசி போட்டதா என்று விற்கிறவரிடம் கேளுங்கள். தெரியாது என்றால் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு, பக்கத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள்.

சண்டையில் எப்போது கை வைக்க வேண்டும்?

இரத்தம் வந்தால். தோற்றது ஓடிய பிறகும் மற்றது விடாமல் துரத்தினால். இரண்டும் மூச்சு வாங்கி நின்றும் விலகாவிட்டால். இந்த மூன்றில் எதுவும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பாதியில் பிரித்தால் மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

வெறுங்கையை நடுவில் நீட்டாதீர்கள், சேவலின் கால் முள் கிழித்துவிடும். ஒரு சாக்கையோ கூடையையோ ஒன்றின்மேல் கவிழ்த்துவிட்டால் மற்றது திகைத்து நின்றுவிடும்.

காயத்தை ஆறவைத்த உப்புத் தண்ணீரால் கழுவுங்கள். கொண்டையில் இரத்தம் நிற்காவிட்டால் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்து, மஞ்சள் அப்பலாம். கண், நெஞ்சு, ஆழமான துளை என்றால் கால்நடை வைத்தியரிடம்தான் போக வேண்டும். காயப்பட்டதைத் தனியே வைப்பது கட்டாயம். சிவப்பைக் கண்டால் பெட்டைகளும் சேர்ந்து கொத்தும். கொண்டைக் கீறல் வழியாகத்தான் கோழி அம்மையும் எளிதாக நுழைகிறது. நுளம்பும் அதைப் பரப்பும். ஆறாத கீறலைச் சுற்றிக் கறுத்த பருக்கள் வந்தால் அது சண்டைக் காயம் இல்லை.

ஒரு வாரத்துக்குமேல் பிரித்து வைத்த சேவலைத் திரும்ப விடுவது புதுச்சேவலை விடுவதுபோலத்தான். மறுபடி வலை, மறுபடி பொறுமை.

பெட்டைகளின் முதுகு மொட்டையாகிறதே?

சேவல் அதிகம், பெட்டை குறைவு என்பதன் முதல் அடையாளம் அது. சேவல் மிதிக்கும்போது காலால் முதுகைப் பிடிக்கும், அலகால் தலை இறகைப் பிடிக்கும். இரண்டு சேவலுக்கு ஆறு பெட்டை என்றால் அந்த ஆறும் ஒதுங்க இடமில்லாமல் தவிக்கும். அதிலும் சேவலுக்குப் பிடித்த ஒன்றிரண்டு இருக்கும், அவைதான் அதிகம் கெடும். தோல் கிழிந்திருந்தால் அவற்றைப் பிரித்து, ஆறும்வரை வையுங்கள். தடித்த பழைய துணியில் முதுகுக்கு ஒரு கவசம் தைத்துச் சிறகுக்கடியில் நாடாவால் மாட்டலாம். ஆனால் எங்கள் மழையில் துணி நனைந்தால் காயாது, ஈரத்தோடு விட்டால் தோல் புண்ணாகும். எனக்கு அது ஒத்துவரவில்லை. சேவலைக் குறைப்பதே தீர்வு.

முள் நீளமாக, கூராக இருந்தால் நுனியை மட்டும் அரத்தால் மழுக்கிவிடுங்கள். அடியில் இரத்தம் ஓடும், ஆழமாக வெட்டக்கூடாது. சூடான உருளைக்கிழங்கைக் குத்திவைத்துக் கழற்றும் வித்தை ஒன்று சொல்வார்கள். காலைச் சுட்டுவிடும், வேண்டாம்.

அடுத்த காம்பராக்காரர்கள் (பக்கத்து வீட்டார்) கூவல் தாங்க முடியவில்லை என்கிறார்கள். நிறுத்த வழி உண்டா?

நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம். சேவல் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கூவுகிறது என்பது பாதி உண்மை. ஜப்பானில் நடந்த ஆய்வுகளில், வெளிச்சம் மாறாத அறையில் அடைத்தபோதும் தன் உடம்புக்குள் இருக்கும் நேரக்கணக்கை வைத்து விடியுமுன்பே கூவியது தெரியவந்தது. 2015இல் அதே ஆய்வாளர்கள் இன்னொன்றும் கண்டார்கள்: வரிசையில் முதல் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை அதன்பின் வரிசைப்படி. ஆகவே இரண்டு சேவல் என்றால் இரண்டு மடங்கு கூவல் என்று நினைக்க வேண்டாம், அதைவிடக் கூடும்; ஒன்றுக்கு மற்றது பதில் சொல்லும், பக்கத்து லயத்துச் சேவல் அதற்குப் பதில் சொல்லும்.

விடிகாலைக் கூவலை யாரும் பெரிதாகக் குறை சொல்வதில்லை, எப்படியும் ஐந்து மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். பகல் கூவல்தான் பிரச்சினை. தொழிற்சாலையில் இராவேலை முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் உங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கலாம். கூட்டை அவர் சுவரிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். இரவில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக வையுங்கள், ஆனால் கூரையருகே காற்றுப் போக வழி வேண்டும். கழுத்தில் பட்டி கட்டிக் கூவலை அடக்குகிறார்கள். மூச்சுத் திணறிச் சாகும், செய்யாதீர்கள். அப்புறம், தீபாவளிக்கு முன் அந்த வீட்டுக்குக் கொஞ்சம் முட்டை கொடுப்பது எல்லாவற்றையும்விட வேலை செய்கிறது.

இரண்டு சேவல் இருந்தால் பருந்து, கீரியிடமிருந்து பாதுகாப்பு கூடுமா?

கொஞ்சம். சேவல் மேய்வதைவிடப் பார்த்துக்கொண்டு நிற்பது அதிகம். வானத்தில் பருந்து தெரிந்தால் ஒரு குரல், தரையில் நாயோ கீரியோ வந்தால் வேறு குரல். பெட்டைகளுக்கு அந்த வித்தியாசம் தெரியும், ஒன்றுக்குப் பதுங்கும், மற்றதற்கு நிமிர்ந்து பார்க்கும். இரண்டு சேவல் இருக்கும்போது கூட்டம் இரண்டாகப் பிரிந்து மேய்ந்தால் இரண்டு பக்கமும் காவல் உண்டு. இரவில் மரநாய்க்கும் சிறுத்தைக்கும் முன்னால் பத்துச் சேவல் இருந்தாலும் பயனில்லை. கதவும் கொண்டியும்தான் காவல்.

அடை வைக்கிற முட்டை எந்தச் சேவலுடையது என்று தெரியுமா?

ஒன்றாக மேயும்வரை தெரியாது. பெட்டை தன் உடம்புக்குள் விந்தை இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம்கூடச் சேமித்து வைக்கும். வேண்டிய சேவலோடு மட்டும் பெட்டைகளை விட்டு, மூன்று வாரம் கழித்து வரும் முட்டைகளைச் சேருங்கள். பொரிக்க 21 நாள்.

சேவல் மிதித்த முட்டையை அலமாரியில் வைத்தால் குஞ்சு வளர்ந்துவிடுமா என்று பயப்படுகிறவர்களும் உண்டு. ஏறக்குறைய 20 பாகை செல்சியஸுக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையே 16 பாகைதான். அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் மட்டும் வைக்காதீர்கள்.

காட்டுச் சேவல் வந்து பெட்டைகளோடு சேருகிறது. அதையே சேவலாக வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. இலங்கைக் காட்டுக்கோழி நமது தேசியப் பறவை, பாதுகாக்கப்பட்டது. பிடிப்பதும் அடைப்பதும் குற்றம். சிவந்த கொண்டையின் நடுவில் மஞ்சள் பட்டை இருந்தால் அது காட்டுச் சேவல்தான். வீட்டுக்கோழியின் முக்கிய மூதாதை ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி. இது வேறு இனம். வந்தால் வந்து போகட்டும், உங்கள் வீட்டுச் சேவல் விரட்டப் பார்க்கும்.

சேவல் பிள்ளைகளைப் பாய்ந்து கொத்துகிறது.

இதில் எனக்கு இரக்கம் கிடையாது. இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) தவழும் பிள்ளையின் கண் உயரமும் சேவல் பாயும் உயரமும் ஒன்று. பெரியவர்களிடம் மட்டும் சிலுப்பும் இளஞ்சேவலாக இருந்தால், உதைக்காமல், ஓடாமல், அது விலகும்வரை நேரே நின்று பாருங்கள், தீனை நீங்களே போடுங்கள், சில திருந்தும். பிள்ளையைப் பாய்ந்தது ஒருமுறையானாலும் அது சட்டிக்குப் போக வேண்டும். அந்தக் குணம் குஞ்சுக்கும் இறங்கும், அடைக்கு வைக்காதீர்கள். சண்டைக்கு வளர்க்கிறேன் என்று கேட்டு வருகிறவருக்கும் கொடுக்காதீர்கள். விலங்குக் கொடுமையைத் தடுக்கும் சட்டம் இந்த நாட்டில் 1907 முதலே இருக்கிறது.

சேவலுக்கும் லேயர் தீன் (முட்டைக்கோழித் தீன்) போடலாமா?

சிறிது காலத்துக்குப் பரவாயில்லை. அதில் முட்டை ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு, சேவலுக்கு அது தேவையில்லை, வருடக்கணக்கில் தின்றால் சிறுநீரகத்துக்கு நல்லதல்ல. குருணி, தவிடு, சோளம், வளர்கோழித் தீன் என்று எல்லோருக்கும் பொதுவாகப் போட்டு, இடித்த முட்டையோட்டையோ சிப்பியையோ தனிச் சட்டியில் வைத்தால் பெட்டைகள் தேவைக்கு எடுத்துக்கொள்ளும்.

சேவல்களை மட்டும் தனிக் கூட்டில் வைத்தால்?

நன்றாகவே இருக்கும். பெட்டையே கண்ணில் படாத இடத்தில் மூன்று நான்கு சேவல் சண்டையில்லாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தீபாவளிக்கு விற்க வைத்திருக்கும் இளஞ்சேவல்களுக்கு ஏற்ற வழி. ஆனால் அதிலிருந்து ஒன்றை எடுத்துப் பெட்டைகளிடம் இரண்டு நாள் விட்டுத் திரும்பக் கொண்டுவந்து போட்டால் எல்லாம் கெட்டுவிடும்.

ஒன்றைக் கொடுத்துவிட முடிவு செய்துவிட்டேன். எப்படிப் பிடிப்பது?

பகலில் துரத்தாதீர்கள், கோழிகள் முட்டையை நிறுத்தும், நீங்கள் வழுக்கி விழுவீர்கள். இருட்டியபின் டோர்ச் ஒன்றோடு போய், கழியில் அடைந்திருக்கும்போது இரண்டு சிறகையும் சேர்த்து அணைத்துத் தூக்குங்கள், சத்தமே போடாது. தலைகீழாகக் கால்களில் தொங்கவிட வேண்டாம். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்துக் காலை முதல் பஸ்ஸில் கொண்டுபோங்கள். சாக்கில் கட்டினால் அட்டன் போய்ச் சேர்வதற்குள் மூச்சடைத்துவிடும்.